தக்கை அறையும் ஒரு மணியோசையும்

இரவு மூன்று மணிக்கு விழித்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வேலை இருப்பதால் விழித்திருப்பவர்கள் ஒரு வகை. தூக்கம் வராததால் விழித்திருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினருக்குத் தீராத நோய் ஒன்றும் துணைக்கு வந்துவிட்டால் அந்த இரவு எவ்வளவு நீளம் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் (1871-1922) இரண்டு வகையிலும் ஒரே நேரத்தில் இருந்தவர். ஒன்பது வயதில் வந்த ஆஸ்துமா, ஐம்பத்தோரு வயதில் அவர் இறக்கும் வரை விடவில்லை. இரவுத் தூக்கம் என்பது அவருக்கு வாழ்நாளில் பாதிக்கு மேல் கிடைக்கவே இல்லை. அப்படிக் கழிந்த இரவுகளில்தான் 'இழந்த காலத்தைத் தேடி' என்ற ஏழு பாக நாவலை, மூவாயிரம் பக்கங்களுக்கு மேல், படுக்கையில் சாய்ந்தபடியே எழுதினார்.

அவரைப் பற்றிப் பேசும் இடங்களில் ஒரு கதை தவறாமல் வரும். "நோயும் தூக்கமின்மையும்தான் அவரை மேதையாக்கின" என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ப்ரூஸ்ட் தன் இரவுகளை எப்படிச் சமாளித்தார்? அந்தச் சமாளிப்பே அவருக்கு என்ன செய்தது? அதற்கான விலையை யார் யார் கொடுத்தார்கள்? இவைதான் உண்மையான கேள்விகள்.

மருத்துவர் வீட்டு நோயாளி

1881-ஆம் ஆண்டு வசந்த காலம். பாரிஸின் மேற்கு ஓரத்தில் பூலோன் காடு என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. குடும்பத்தோடு அங்கே உலாவப் போன சிறுவன் மார்செலுக்குத் திரும்பும் வழியில் மூச்சுத் திணறல் ஏற்பட்டது. பிள்ளை செத்தே போய்விடுவானோ என்று அப்பா நடுங்கிப்போனார் என்று தம்பி ரொபேர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அப்பா சாதாரண ஆள் இல்லை. அத்ரியன் ப்ரூஸ்ட், பிரான்ஸின் பெயர்பெற்ற பொதுச் சுகாதார மருத்துவர். காலரா ஐரோப்பாவுக்குள் நுழையாமல் எல்லையிலேயே தடுக்க வேண்டும் என்று சர்வதேச மாநாடுகளில் வாதாடியவர். கடல் கடந்து வரும் நோயை நிறுத்தப் பாடுபட்ட மனிதரால் சொந்த மகனின் மூச்சுக்குழாயில் குடியிருந்த நோயை நிறுத்த முடியவில்லை. தம்பி ரொபேரும் பின்னாளில் மருத்துவரானார். ஆக, வீட்டில் இரண்டு மருத்துவர்கள். இருந்தும் நோயாளிக்கு விடிவு இல்லை.

அதற்கு ஒரு காரணம் அந்தக் காலத்து மருத்துவ அறிவு. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களில் ஏற்படும் நாள்பட்ட அழற்சி என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலான மருத்துவர்கள் அதை நரம்பு சம்பந்தமான கோளாறு என்றே நினைத்தார்கள். நரம்புத் தளர்ச்சி உள்ளவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் புத்தகம் ஒன்றை ழில்பேர் பலே என்ற மருத்துவரோடு சேர்ந்து அத்ரியனே 1897-ல் எழுதியிருக்கிறார். அதை எழுதும்போது வீட்டில் இருந்த மூத்த மகனை நினைக்காமலா இருந்திருப்பார்?

நோய் நரம்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பழி யார் மேல் விழும்? நோயாளி மேல்தான். "மனசைக் கட்டுப்படுத்து. நேரத்துக்குப் படு. நேரத்துக்கு எழுந்திரு. எல்லாம் சரியாகிவிடும்." தூக்கம் வராமல் தவிக்கும் எவரும் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கும் அறிவுரைதான் இது. ப்ரூஸ்ட் வீட்டிலும் அதே பாட்டுத்தான். மகன் மற்றவர்களைப் போல இரவில் தூங்கிப் பகலில் எழ வேண்டும் என்று அம்மா ழான் கெஞ்சாத நாளில்லை.

இரவு ஏன் எதிரியானது?

ஆஸ்துமா நோயாளிகளுக்கு இரவின் கடைசிப் பகுதி மோசமானது. மனித உடலுக்குள் ஓடும் இருபத்து நான்கு மணி நேரக் கடிகாரத்தின்படி, அதிகாலை நான்கு மணி வாக்கில் மூச்சுக்குழாய்கள் இயல்பாகவே கொஞ்சம் சுருங்குகின்றன. அழற்சியை அடக்கி வைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் நள்ளிரவில் குறைவாக இருக்கும். நல்ல உடம்புக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆஸ்துமா உள்ளவரையோ இதுவே உலுக்கி எழுப்பிவிடும்.

ஒரு முறை அப்படி எழுந்தவர் மறுநாள் இரவு படுக்கப் போகும்போது எதை நினைப்பார்? தூக்கத்தையா, திணறலையா? படுக்கை என்பது ஓய்வெடுக்கும் இடம் என்ற நிலை மாறி, ஆபத்து காத்திருக்கும் இடம் ஆகிவிடுகிறது. ப்ரூஸ்ட்டுக்கு நடந்தது இதுதான். 1889-ல் ஓர்லியான் நகரில் ஓராண்டு ராணுவ சேவைக்குப் போனபோதே இந்தப் பிரச்சினை தலைகாட்டியது. அவருடைய இரவு இருமல் மற்ற சிப்பாய்களின் தூக்கத்தைக் கெடுத்ததால் முகாமுக்கு வெளியே அறை எடுத்துத் தங்க வேண்டியதாயிற்று.

பிறகு அவர் தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்தார். திணறல் வரும் நேரத்தில் தூங்குவானேன்? விழித்திருந்து எதிர்கொள்வோம், பகலில் தூங்கிக்கொள்வோம்! கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய நாள் தலைகீழாகத் திரும்பியது. அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்தும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் நேரம் குறைந்தது. விடிகாலையில் படுக்கப் போகுமுன் மகன் அம்மாவுக்குக் கடிதம் எழுதி வைப்பார். எப்போது படுத்தார், மூச்சு எப்படி இருந்தது, எந்த நேரத்தில் சத்தம் கேட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். அம்மா காலையில் எழுந்து படிப்பார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்தது போல!

1903 நவம்பரில் அப்பா இறந்தார். 1905 செப்டம்பரில் அம்மாவும் போனார். அம்மா ஆசைப்பட்டபடி ஒரு முறையாவது ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் பாரிஸுக்கு அருகே மருத்துவர் போல் சோலியே நடத்திய மருத்துவமனையில் சேர்ந்தார் ப்ரூஸ்ட். வீட்டிலிருந்து பிரித்து, தனிமையில் வைத்து, நரம்பைச் சரிசெய்வது அங்கே முறை. சுமார் ஆறு வாரம் இருந்தார். நோய் குணமாகவில்லை. நுரையீரலில் இருக்கும் நோய்க்கு நரம்புக்குச் செய்யும் வைத்தியம் எப்படிப் பலிக்கும்?

தக்கை ஒட்டிய சுவர்கள்

1906 டிசம்பர் இறுதியில், பூல்வார் ஓஸ்மான் என்ற அகலமான சாலையில் 102-ஆம் எண் கட்டடத்தில் குடியேறினார். அம்மா வழித் தாத்தா முறை உறவினர் ஒருவர் வாழ்ந்து மறைந்த வீடு அது. ஆஸ்துமாக்காரருக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. வாசலில் வரிசையாக மரங்கள். வசந்தம் வந்தால் மகரந்தம். சாலையில் வண்டிகளின் சத்தமும் தூசியும். இருந்தாலும் அம்மாவுக்குப் பழக்கமான வீடு என்பதற்காகவே அதை விட அவருக்கு மனம் வரவில்லை.

1910 கோடையில் நார்மண்டிக் கடற்கரையில் உள்ள கபூர் நகரத்துக்கு அவர் போயிருந்தபோது படுக்கையறைச் சுவர்களில் தக்கைப் பலகைகள் பதிக்கப்பட்டன. பாட்டில் வாயை அடைக்கிறோமே, அதே தக்கைதான். பகலில் தூங்குகிறவருக்குத் தெருச் சத்தம் கேட்கக்கூடாது அல்லவா? ஜன்னல் கதவுகள் மூடியே இருக்கும். அதற்கு மேல் கனத்த திரைகள். பூக்களுக்கு அனுமதி இல்லை. வாசனைத் திரவியம் பூசி வரும் விருந்தாளிக்கும் அனுமதி இல்லை. தூசி பறக்கும் என்பதால் அவர் வெளியே போகும் நாளில் மட்டுமே அறையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

தெருச் சத்தத்தை ஓரளவு அடைத்துவிடலாம். மாடிச் சத்தத்தை? அவருக்கு மேலே அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கும், அதற்கு மேல் அவருடைய வீடும் இருந்தன. அந்த மருத்துவரின் மனைவி திருமதி வில்லியம்ஸுக்கு ப்ரூஸ்ட் எழுதிய இருபத்து மூன்று கடிதங்கள் 2013-ல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தன. மேல்மாடியில் நடக்கும் வேலைகளையும், பெட்டிகளுக்கு ஆணியடிப்பதையும் தன் திணறல் கடுமையாக இருக்கும் நாட்களில் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கும் கடிதங்கள் அவை. ஆனால் ஒன்றில்கூடக் கோபம் இல்லை. பூங்கொத்து அனுப்புகிறார். புத்தகம் அனுப்புகிறார். அந்த அம்மாளும் அடிக்கடி உடல்நலம் இல்லாதவர் என்பதால் அவருடைய நோயைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார். ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகப் படுத்திருந்த இரண்டு நோயாளிகள், பெரும்பாலும் கடிதம் வழியாகவே ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள்.

தூக்கமின்மையைச் சமாளிப்பது என்றால் பல நேரங்களில் அக்கம்பக்கத்தாரைச் சமாளிப்பதுதான். அடுக்குமாடியில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து போன புகை

எழுந்தவுடன் ப்ரூஸ்ட் செய்யும் முதல் காரியம் புகை போடுவது. நம் வீடுகளில் சாம்பிராணி போடுவதைப் போல, லெக்ரா என்ற பெயரில் விற்ற பொடியைத் தட்டில் கொட்டிப் பற்றவைத்து, அறை நிரம்பும் அளவுக்குப் புகையை எழுப்பி, அதைச் சுவாசிப்பார். தீக்குச்சியின் கந்தக நெடி ஆகாது என்பதால் மெழுகுவர்த்தியிலிருந்துதான் பற்றவைக்க வேண்டும். அந்த மெழுகுவர்த்திக்காகவே ஒரு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இளவயதில் எஸ்பிக் என்ற ஆஸ்துமா சிகரெட்டையும் புகைத்திருக்கிறார்.

இந்தப் பொடிகளிலும் சிகரெட்டுகளிலும் இருந்த முக்கியச் சரக்கு எது தெரியுமா? ஊமத்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த செடிகளும்தான். அது ஐரோப்பாவுக்குப் போன கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே இளைப்பு நோய்க்கு ஊமத்தை வேரைப் புகைக்கும் வழக்கத்தைப் பார்த்தார். 1802-ல் அதை ஜென்ட் என்ற ராணுவத் தளபதிக்குச் சொன்னார். தளபதி வழியாக அது இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. நூறு ஆண்டு கழித்து பாரிஸின் ஒரு மூடிய அறையில் ப்ரூஸ்ட் இழுத்த புகைக்கு மூலம் இந்த வழக்கம்தான்!

ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் மூச்சுக்குழாயை விரிக்கும் என்பது உண்மை. அதே மருந்து வாயை உலர்த்தும், இதயத்தைப் படபடக்க வைக்கும், அளவு கூடினால் மனத்தையே குழப்பிவிடும். போதாதற்குப் புகை என்பது நுரையீரலுக்கு எரிச்சல் தருவது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்துக்கொள்ளும் மருந்து.

காபியும் வெரோனாலும்

புகைக்கு அடுத்தது காபி. ஆஸ்துமாவுக்குக் கடுங்காபி நல்லது என்று ஹைட் சால்ட்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1859-லேயே எழுதியிருந்தார். அதில் தவறில்லை. பிற்காலத்தில் ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட தியோஃபிலின் என்ற மருந்தும் காபியில் உள்ள கஃபீனும் நெருங்கிய சொந்தக்காரர்கள். ப்ரூஸ்ட் காபியோடு நிற்காமல் கஃபீனைத் தனி மருந்தாகவும் எடுத்துக்கொண்டார். கஃபீன் மூச்சை எளிதாக்கும். கூடவே தூக்கத்தையும் விரட்டும்.

விரட்டப்பட்ட தூக்கத்தைத் திரும்பக் கூப்பிட என்ன வழி? அதற்கும் கடையில் மருந்து இருந்தது. 1869-ல் குளோரல் ஹைட்ரேட், அந்த நூற்றாண்டின் இறுதியில் சல்ஃபோனால், ட்ரையோனால் என்று தூக்க மருந்துகள் வரிசையாக வந்தன. 1903-ல் எமில் ஃபிஷர், யோசப் ஃபொன் மேரிங் என்ற இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள் பார்பிட்டால் என்ற பொருளின் தூக்கம் தரும் குணத்தை வெளியிட்டார்கள். வெரோனால் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ப்ரூஸ்ட்டின் கடிதங்களில் ட்ரையோனாலும் வெரோனாலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்.

வெரோனாலில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, உடம்பிலிருந்து அது மிக மெதுவாகத்தான் வெளியேறும். இன்றைக்குச் சாப்பிட்டது நாளைக்கும் இருக்கும். நாளைக்குச் சாப்பிடுவது அதன் மேல் சேரும். இரண்டாவது, அந்த வகை மருந்துகள் மூச்சு விடுவதையே மந்தமாக்கும். மூச்சுக்காகப் போராடும் ஒருவர் மூச்சை மந்தமாக்கும் மருந்தைத் தூக்கத்துக்காகச் சாப்பிட்டார்! எழுந்தபின் மயக்கம் தெளியக் காபி. காபியால் போன தூக்கத்துக்கு மறுபடி வெரோனால். செக்குமாடு சுற்றுவது போல ஆண்டுக்கணக்கில் இது நடந்தது.

இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு மருத்துவம் கொடுத்தது அவ்வளவுதான். நோய் தூக்கத்தைக் கெடுத்தது. நோய்க்கான மருந்து தூக்கத்தை இன்னும் கெடுத்தது. தூக்கத்துக்கான மருந்து நோயோடு மோதியது. இதில் எது நோய், எது சிகிச்சை என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாத நிலை.

மூன்றாவது வகை

இத்தனை ஏற்பாடுகளும் தானாக நடந்துவிடுமா? மெழுகுவர்த்தியை அணையாமல் பார்த்துக்கொண்டது யார்? மாலை நான்கு மணிக்கோ ஆறு மணிக்கோ, அவர் எப்போது கண் விழித்தாலும் காபி தயாராக இருந்தது எப்படி?

இங்கேதான் செலெஸ்ட் அல்பாரே வருகிறார். 1891-ல் தெற்கு பிரான்ஸின் லொசேர் மலைப்பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கணவர் ஒதிலோன், ப்ரூஸ்ட் வழக்கமாக அழைக்கும் டாக்சி ஓட்டுநர். 1913-ல் கல்யாணமாகி பாரிஸுக்கு வந்த செலெஸ்ட், நாவலின் முதல் பாகம் அந்த நவம்பரில் வெளிவந்தபோது கையெழுத்திட்ட பிரதிகளை நண்பர்களின் வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன வேலையில் தொடங்கினார். 1914-ல் போர் வந்தது. ஒதிலோனும் வீட்டில் இருந்த ஆண் வேலைக்காரரும் ராணுவத்துக்குப் போனார்கள். செலெஸ்ட் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

கோழி கூவும்போது எழுந்து பழகிய கிராமத்துப் பெண், கோழி கூவும்போது படுக்கப் போகக் கற்றுக்கொண்டார். மணி அடிக்காமல் அறைக்குள் போகக்கூடாது. மணி அடித்தால் உடனே போக வேண்டும். காபியைச் சொட்டுச் சொட்டாக இறக்கி வைத்திருப்பார். மணி அடிக்கத் தாமதமானால் அது பழையதாகிவிடும். கொட்டிவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும். நள்ளிரவில் வெந்நீர்ப் புட்டி வேண்டும், கம்பளிச் சட்டையைச் சூடாக்க வேண்டும். அவர் வெளியே போய்த் திரும்பும் நாட்களில், போன இடத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல விடியும் வரை நின்றபடியே கேட்க வேண்டும். அச்சுப் பிரதிகளில் அவர் எழுதிச் சேர்க்கும் திருத்தங்களுக்கு இடம் போதாமல் போனபோது, துண்டுத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி விசிறி போல மடித்து வைத்தவரும் செலெஸ்ட்தான். எட்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

ஆக, இரவு மூன்று மணிக்கு விழித்திருப்பவர்களில் மூன்றாவது வகையும் உண்டு. தனக்கு வேலையும் இல்லாமல், தனக்கு நோயும் இல்லாமல், இன்னொருவரின் நோய்க்காக விழித்திருப்பவர்கள்.

ப்ரூஸ்ட்டுக்குப் பரம்பரைச் சொத்து இருந்தது. தக்கை வாங்கவும், ஆள் வைத்துக்கொள்ளவும், பகலெல்லாம் தூங்கவும் அந்தப் பணம் இடம் கொடுத்தது. 1916-ல் செசார் ஃப்ராங்க் எழுதிய ஓர் இசையைக் கேட்க வேண்டும் என்று தோன்றியபோது, நள்ளிரவில் இசைக்கலைஞர்களை வரவழைத்துத் தன் அறையில் வாசிக்கச் செய்தார். அதே காலத்தில் அதே பாரிஸில் அதே நோயோடு எத்தனையோ தையல்காரர்களும் சுமைதூக்குபவர்களும் இருந்திருப்பார்கள். இரவெல்லாம் திணறிவிட்டுக் காலையில் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். "நோயை வரமாக்கிக்கொண்டார்" என்று ஒருவரைப் புகழும்போது, வரமாக்க வசதி இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

விழித்திருந்தவன் எழுதிய நாவல்

அப்படியானால் அந்த இரவுகளுக்கும் நாவலுக்கும் தொடர்பே இல்லையா? நிச்சயம் உண்டு. நாவல் தொடங்குவதே படுக்கையில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கிடக்கும் ஒரு மனிதனோடுதான். ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு நோயாளி வருகிறான். பழக்கமில்லாத விடுதியில் இரவில் வலியோடு விழிக்கிறான். கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிகிறது. ஆகா, விடிந்துவிட்டது, இனி ஆட்கள் வருவார்கள், உதவி கிடைக்கும் என்று மகிழ்கிறான். அடுத்த கணம் வெளிச்சம் அணைகிறது. அது விடியல் இல்லை, நள்ளிரவு. யாரோ தாழ்வாரத்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இனி இரவு முழுக்க அவன் தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

நன்றாகத் தூங்குகிறவரால் இப்படி எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தூக்கமின்மை அவருக்கு விஷயத்தைக் கொடுத்தது; அதை எழுதும் திறமையைக் கொடுக்கவில்லை. எத்தனையோ கோடிப் பேர் தூங்காமல் கிடக்கிறார்கள். யாரும் அதனால் ப்ரூஸ்ட் ஆகிவிடவில்லை. திணறல் கடுமையாக இருந்த நாட்களில் அவராலும் ஒரு வரி எழுத முடியவில்லை. நோயினால் எழுதினார் என்பதைவிட, நோய் விட்டுக்கொடுத்த நேரத்தில் எழுதினார் என்பதே சரி.

1919-ல் பூல்வார் ஓஸ்மான் கட்டடம் ஒரு வங்கியின் கைக்குப் போனது. தக்கை அறையை விட்டு வெளியேறி, இடையில் ஒரு வீடு மாறி, அந்த ஆண்டு அக்டோபரில் அமலேன் தெருவில் 44-ஆம் எண் வீட்டுக்குப் போனார். அங்கே இருக்கும்போதுதான் நாவலின் இரண்டாம் பாகத்துக்கு பிரான்ஸின் கோன்கூர் விருது கிடைத்தது. 1922 வசந்தத்தில் ஒரு நாள், நேற்றிரவு 'முற்றும்' என்று எழுதிவிட்டதாக அவர் சொன்னதை செலெஸ்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த இலையுதிர் காலத்தில் சளிப்பிடித்து நிமோனியாவானது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று தம்பி ரொபேர் மன்றாடியும் மறுத்துவிட்டார். நவம்பர் 17 இரவு, விடியற்காலை மூன்றரை மணி வாக்கு வரை, தான் சொல்லச் சொல்ல செலெஸ்ட்டை எழுதச் செய்தார். மறுநாள் 18-ஆம் தேதி மாலை இறந்தார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

1969-ல் சால்பூட்டமால் இன்ஹேலர் வந்தது. 1972-ல் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வந்தது. இன்று முறையாக மருந்து எடுத்துக்கொள்ளும் ஆஸ்துமா நோயாளிகளில் பெரும்பாலோர் இரவில் தூங்க முடிகிறது. ஊமத்தைப் புகையும் வெரோனாலும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

தூக்கமின்மை பற்றிய புரிதலும் மாறியிருக்கிறது. தூக்கமின்மையைத் தொடங்கி வைப்பது ஒன்று, நீடிக்க வைப்பது வேறொன்று என்று அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் விளக்கினார். ப்ரூஸ்ட்டுக்குத் தொடங்கி வைத்தது ஆஸ்துமா. நீடிக்க வைத்ததில் காபிக்கும், மாத்திரைக்கும், பகல் தூக்கத்துக்கும், இருட்டறைக்கும் பங்கு இருந்திருக்கும். படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் சொன்னார். ப்ரூஸ்ட்டுக்குப் படுக்கைதான் மேசை, சாப்பாட்டு அறை, விருந்தினர் அறை எல்லாமே! இந்தக் கருத்துகளையெல்லாம் சேர்த்து உருவான பேச்சுவழி நடத்தைச் சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. நாள்பட்ட நோய் உள்ளவர்களும் தங்கள் மருத்துவரோடு பேசி இதை முயலலாம். மனசை அடக்கு என்ற பழைய அதட்டல் இல்லை இது. பழக்கத்தைப் படிப்படியாக மாற்றும் பயிற்சி.

ஆனால் மாறாத ஒன்றும் இருக்கிறது. தீராத நோயோடு தூங்காமல் கிடப்பவருக்கு இன்றும் முதல் தேவை, அவர் சொல்வதை நம்பும் ஒரு மனிதர். "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லாத ஒருவர். அப்பா நம்பவில்லை என்று சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த அறிவியல் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. படிப்பு அதிகம் இல்லாத செலெஸ்ட்டுக்கு எந்தக் கொள்கையும் இல்லை. மணி அடித்தது, போனார்.

ப்ரூஸ்ட் இறந்தபின் செலெஸ்ட்டும் கணவரும் பாரிஸில் ஒரு சிறிய விடுதி நடத்தினார்கள். ஐம்பது ஆண்டு காலம் அவர் நினைவுகளைப் புத்தகமாக்கவில்லை. 1973-ல், எண்பத்திரண்டு வயதில், தான் சொல்ல இன்னொருவர் எழுத 'மிஸ்யே ப்ரூஸ்ட்' என்ற புத்தகம் வந்தது. அந்த இரவுகளைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததுதான். 1984-ல் அவரும் மறைந்தார்.

பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்தில் ப்ரூஸ்ட்டின் கட்டிலையும் சில சாமான்களையும் வைத்து அவருடைய படுக்கையறையை மீண்டும் அமைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் கட்டிலைத்தான் பார்ப்பார்கள். அந்த அறைக்கு வெளியே, அடுப்பங்கரையில், மணி எப்போது அடிக்குமோ என்று ஒரு பெண் விழித்திருந்தாள் என்பதையும் நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த அறை முழுதாகத் தெரியும்.